எமன்விரலுக்கு வளையல் போட்டவள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்பதுதான் என் முதல் பயம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ராஜா பேரும் நாட்டுப் பேரும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. இரண்டாவது பயம், இந்தக் கதை ஒரு சாவில் தொடங்குகிறது. பிள்ளைகள் கேட்டுவிட்டுத் தூக்கத்தில் உளறினால் என்னைத்தான் திட்டுவார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதில் நம் கண்ணெதிரே ஒரே ஒருவன்தான் சாவான். அவன் திருடன். அவனையும் யாரும் கொல்லவில்லை.

நீங்கள் விளையாடும்போது, "தொட்டுட்டேன், நீ செத்துட்டே" என்பீர்கள் அல்லவா? விரல் பட்டதும் எதிராளி பொத்தென்று விழ வேண்டும். விழாவிட்டால் சண்டை வரும். கதைகளிலும் அப்படிப்பட்ட வீரர்கள் வருவார்கள். உடம்பில் உயிர் நிற்கிற இடம் ஒன்று உண்டாம், அங்கே விரலால் தொட்டால் போதுமாம். அதைத் தொடுவர்மம் என்பார்கள். அப்படி ஒரு விரல் ஒருத்திக்கு இருக்கிறது என்று ஊரே நம்பிவிட்டால் என்ன ஆகும்? கேளுங்கள்.

முன்னொரு காலத்திலே, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவிலே ஒரு நாடு. அந்த நாட்டிலே ஒரு வளையல்காரி. பேர் வீராயி. பேர்தான் வீராயி. பல்லி கத்தினால் எடுத்த காலை அப்படியே நிறுத்திவிடுவாள். புருஷன் இல்லை. பூவாயி என்று ஒரே மகள், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

வளையல்காரியின் தொழிலே அடுத்தவர் கையைப் பிடிப்பதுதான். கண்ணாடி வளையலை வாங்கிப் பரணில் வைக்க முடியுமா? வாங்குகிறவள் கையை நீட்ட வேண்டும். வீராயி அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைப்பாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவாள். புறங்கையை மெல்ல அழுத்தி அழுத்தி ஒடுக்குவாள். வலிக்கப்போகிறது என்று கைக்காரி நினைப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் கிடக்கும். அத்தனை பூப்போன்ற கை அவளுக்கு.

ஒரு நாள் புளியந்தோப்புப் பாதையில் தலையில் கூடையோடு தனியாக வந்துகொண்டிருந்தாள். புதருக்குள்ளிருந்து ஒரு திருடன் பாய்ந்தான். கூடையைப் பிடுங்கக் கையை நீட்டினான். வீராயிக்குப் பயத்தில் கண் இருட்டிவிட்டது. நீட்டிய கையைக் கண்டதும் அவள் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. அவன் கையைப் பிடித்தாள், கட்டைவிரலை மடக்கினாள், புறங்கையை அழுத்தினாள். திருடன் ஒரு சத்தமும் போடாமல் அவள் காலடியில் சரிந்தான். உயிர் இல்லை.

நடந்தது வேறு. புதருக்குள் பதுங்கியிருந்தபோதே அவனைப் பாம்பு கடித்திருந்தது. குதிகாலில் இரண்டு பல் பதிந்த இடத்தில் நீலம் பாரித்திருந்ததை வீராயி பார்த்துவிட்டாள். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் வந்த வழிப்போக்கர்கள் பார்த்தது, செத்தவன் கையைப் பிடித்தபடி நின்ற வளையல்காரியை மட்டும்தான்.

"தொடுவர்மம்" என்றான் ஒருவன்.

எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். பாம்பு என்று சொல்ல வீராயி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர்கள் விலகி, வழிவிட்டு, தலைகுனிந்து நின்றார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் வழிவிட்டதே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வாய்மூடல்தான், பிள்ளைகளே, எல்லாவற்றுக்கும் காரணம்.

அதன் பிறகு வீராயிக்கு நல்ல காலம். ஆற்றுத்துறையில் அவள் கூடையைக் கிளறிக் கிளறிப் பார்க்கிற சுங்கக்காரன், அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரன், தானாகவே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டான். குடித்துவிட்டு வந்து வாசலில் ஏசுகிற கொழுந்தன், தெருவையே மாற்றிக்கொண்டான். வீராயி கதவைத் தாழிடாமல் தூங்கினாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். யாரும் கையை நீட்டவில்லை.

முதலில் பெண்கள் அரிசி புடைக்கிற சுளகை நீட்டினார்கள், அதில் வளையலை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். விளக்கெண்ணெய் தடவித் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். பாதி உடைந்தது, கையும் கிழிந்தது. பிறகு வளையலே வேண்டாம் என்றார்கள். அவள் தெருவுக்குள் வந்தால் குழந்தைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அப்போது பூவாயி முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். ஊருக்கெல்லாம் வளைகாப்பு வளையல் போட்டவள், தன் மகளுக்குப் போடத் தனியாக ஒரு கொத்து பச்சை வளையல் எடுத்து வைத்திருந்தாள். சம்பந்தி காளியம்மாள் நேரில் வந்தாள், எட்டியே நின்றாள். வளைகாப்புக்குக் கட்டாயம் வர வேண்டும், முதல் பந்தியில் சாப்பிட வேண்டும், ஆனால் பூவாயியை மட்டும் தொடக் கூடாது என்றாள். இரண்டு உயிர் அல்லவா என்றாள். பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான், எட்ட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

வீராயி அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டாள். அது பாம்பு, நான் இல்லை என்றாள். "வித்தைக்காரி எவள் ஒத்துக்குவா?" என்றாள் சம்பந்தி. வீராயி ஓடிப்போய் ஒரு ஆட்டுக்குட்டியைத் தொட்டுக் காட்டினாள். ஆட்டுக்கு உயிர்நிலை வேறு இடம் என்றார்கள் கூடியிருந்தவர்கள். தன் கன்னத்தையே தொட்டுக் காட்டினாள். பாம்பு தன் விஷத்தில் சாகுமா என்றார்கள். சாவு வந்தால் வித்தை உண்டு என்கிறார்கள். வராவிட்டால் வித்தையை அடக்கி வைத்திருக்கிறாள் என்கிறார்கள். இதற்கு என்ன செய்வாள், பாவம்?

இந்த நிலையில்தான் அரண்மனைச் சேவகன் வந்தான்.

அந்த நாட்டு ராஜாவிடம் சாத்தப்பன் என்று ஒரு மல்லன் இருந்தான். எமன்விரல் சாத்தப்பன் என்றால் எதிரி நாட்டிலும் நடுங்குவார்கள். ஆள் பனைமரம் மாதிரி. ஒருமுறை மல்லுக்கட்டில் இவன் விரல் பட்டதுமே எதிரி செத்துவிழுந்தானாம். அன்றிலிருந்து ராஜா அவனுக்கு நெய்யும் பாலும் கொடுத்து வளர்த்துவந்தார். இப்போது வளையல்காரியின் செய்தியும் ராஜா காதுக்குப் போய்விட்டது. ராஜாக்களுக்குச் சும்மா இருக்க முடியாது. இருவரும் சபையில் எதிரெதிரே உட்கார வேண்டும், ஒருவர் கையை ஒருவர் தொட வேண்டும், பிழைத்திருப்பவருக்கே அரண்மனை நெய்யும் பாலும். வர மறுத்தால் சிறை. இதுதான் கட்டளை.

போய்வருகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று வீராயி மகளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். கூடை எதற்கு என்று சேவகன் கேட்டான். தலையில் கூடை இல்லாமல் தனக்கு நடக்க வராது என்றாள்.

சபை நிறைந்திருந்தது. முன்வரிசை மட்டும் காலி. எவனுக்கும் முன்னால் உட்காரத் துணிச்சல் இல்லை. நடுவில் இரண்டு பாய். ஒன்றில் சாத்தப்பன். இன்னொன்றில் வீராயி. முரசு அடித்தார்கள்.

இருவரும் கையை நீட்டினார்கள். விரலும் விரலும் பட்டன.

வீராயி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தாலும் அவள் கைக்குக் கைகள் தெரியும். அந்தப் பனைமரத்தின் கை சில்லிட்டிருந்தது. வேர்த்திருந்தது. முதல்முதலாக வளையல் போட வரும் சிறுமியின் கை எப்படி நடுங்குமோ, அப்படி நடுங்கியது.

வீராயி கண்ணைத் திறந்தாள். உதடு அசையாமல் கேட்டாள்.

"அண்ணே, உனக்கும் ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது தங்கச்சி" என்றான் எமன்விரல் சாத்தப்பன். "அவன் காய்ச்சலோட மல்லுக்கு வந்தவன். நான் தொட்ட நேரம் அவன் சாவு நேரம்."

அவன் தன் கதையைக் கிசுகிசுவென்று சொல்லி முடித்தான். நாவிதன் அவனுக்கு முகம் வழிப்பதில்லை, அவனே வழித்துக் கீறிக்கொள்கிறான். பெண்டாட்டி சோற்று இலையை அகப்பைக் காம்பால் தள்ளிவிடுகிறாள். பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள், ஒருநாள்கூட அவன் மடியில் ஏறியதில்லை. அவனும் உண்மையைச் சொல்லிப் பார்த்தானாம். யாரும் நம்பவில்லையாம். பிறகு அவன் சொன்னான்:

"எனக்கு அலுத்துப் போச்சு. நான் செத்தமாதிரி சாய்ஞ்சுடறேன். பாடையோட கொண்டுபோய் ஆத்தங்கரையில போடுவாங்க. நான் எழுந்து எங்கேயாவது போயிடறேன். நீ பிழைச்சுக்கோ. இனி ராஜாவே உன்னைக் கண்டு பயப்படுவார்."

பிள்ளைகளே, வீராயியை நினைத்துப் பாருங்கள். பயந்தே வாழ்ந்தவள். ராஜாவே பயப்படுவார் என்றால் அவளுக்கு வேறு என்ன வேண்டும்? அவன் சாய்ந்துவிட்டால் ஆயுளுக்கும் ஒரு தூசி அவள்மேல் படாது. தூசி படாது, மகளின் கையும் படாது. பேரப்பிள்ளையின் விரலும் படாது.

அவள் அவன் கையை விடவில்லை.

"சாயாதே அண்ணே. இந்தக் கையில நான் வளையல் போடட்டுமா?"

சபையில் ஓர் ஆண்பிள்ளைக்கு, அதுவும் மல்லனுக்கு வளையல் போடுவது எத்தனை பெரிய அவமானம் என்று உங்களுக்குத் தெரியும். கோழை என்று காறித் துப்புவதைவிட அது பெரிசு. அதையும் அவளே சொன்னாள். சபை சிரிக்கும், ஊர் சிரிக்கும், நாளைக்கு எதிரி நாடும் சிரிக்கும் என்றாள்.

சாத்தப்பன் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"சிரிக்கட்டும்" என்றான். "என் எதிரில ஒரு மனுஷன் சிரிச்சுப் பார்த்து எத்தனை காலமாச்சு."

வீராயி கூடைக்குள் கைவிட்டாள். இருப்பதிலேயே பெரிய வளையலை எடுத்தாள். அந்தக் கைக்கு அது மோதிரம் மாதிரி இருந்தது. கட்டைவிரலை மடக்கினாள். புறங்கையை அழுத்தினாள். "ஆ, மெல்ல தாயே" என்று எமன்விரல் சாத்தப்பன் முனகினான். கையைத் தளர்த்து, விறைத்தால் வலிக்கத்தான் செய்யும் என்று அவள் அதட்டினாள். ஏழு வயதுப் பெண்ணை அதட்டுகிற அதட்டல். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வளையல் எலும்பில் மாட்டியது. சாத்தப்பன் பல்லைக் கடித்தான். வளையல் இறங்கியது. சிவப்புக் கண்ணாடி வளையல், அந்த உலக்கைக் கையில்.

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மந்திரி சிரித்தார். சேவகர்கள் வேல்கம்பைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். ராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சாத்தப்பனும் சிரித்தான், கண்ணில் நீர் வழிய. சிரித்துக்கொண்டே ஒருவன் வந்து அவன் முதுகில் தட்டினான். தட்டிய பிறகுதான் யாரைத் தட்டினோம் என்று திகைத்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் தட்டினான்.

அப்போது வீராயி பாம்புக்கதையைச் சொன்னாள். சாத்தப்பன் காய்ச்சல்காரன் கதையைச் சொன்னான். இந்தமுறை எல்லோரும் நம்பினார்கள். வயிறு வலிக்கச் சிரித்தவனால் எப்படிப் பயப்பட முடியும்? ராஜா மட்டும் எத்தனை நெய், எத்தனை பால் என்று முணுமுணுத்தார். பிறகு இருவரையும் வெறுங்கையோடு அனுப்பிவைத்தார்.

பயம் நடந்து போகும், சிரிப்பு குதிரையேறிப் போகும். வீராயி ஊருக்கு வருமுன்பே கதை வந்துவிட்டது.

வளைகாப்பு நாளும் வந்தது. பூவாயி மணையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். வீராயி பச்சை வளையல் கொத்தோடு குனிந்தாள். சம்பந்தி காளியம்மாள் சட்டென்று நடுவில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்புக் கதையை அவளும்தான் கேட்டிருந்தாள், ஆனாலும் அடிவயிற்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் கையை நீட்டினாள்.

"முதல்ல எனக்குப் போடு மதினி. எதாச்சும் ஆனா எனக்கே ஆகட்டும், பிள்ளைக்கு வேண்டாம்."

வீராயிக்குக் கோபம் வரவில்லை. என் மகளுக்காக உயிரையே நீட்டுகிறாளே என்று நினைத்தாள். அந்தக் கையைத் தன் மடியில் வாங்கினாள். எல்லாக் கைகளையும்விட மெல்லப் பிடித்தாள். வளையல் இறங்கியது தெரியாமலே காளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் காத்திருந்தாள். முடிந்தது என்று பூவாயி சொல்லவும், கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, விடாமல் வீராயியின் விரல்களை அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பூவாயிக்குப் போட்டாள் வீராயி. இரண்டு கையிலும், முழங்கை வரைக்கும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் என்னை மாதிரி ஆளுக்கு ஒரு கவலை மிஞ்சும். இனி அவள் விரலுக்கு யார் பயப்படுவார்கள்? சுங்கக்காரன் மறுபடியும் கூடையைக் கிளறினான். கொழுந்தன் மறுபடியும் வாசலுக்கு வந்தான். பாதையில் திருடர்களும் இருக்கத்தான் செய்தார்கள். வீராயியும் பழைய வீராயிதான். பல்லி கத்தினால் இன்னமும் நின்றாள்.

அதனால் தன் காவலுக்கு அவள் கடைசியில் செய்தது இதுதான். தனியாக நடப்பதை விட்டாள். ஒவ்வோர் ஊர் எல்லையிலும் கூடையை இறக்கிவைத்து, அந்தப் பக்கம் போகிறவர்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். உப்பு விற்கிறவர்கள், பாய் விற்கிறவர்கள், தாய்வீட்டுக்குப் போகும் பெண்கள், யார் வந்தாலும் சேர்ந்துகொண்டாள். அவர்களில் வளையல் போட்ட கை இருந்தால் அது பெரும்பாலும் அவள் பிடித்த கையாக இருந்தது. சில நாள் சாத்தப்பனும் பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட வந்தான். வாசலுக்கு வந்த கொழுந்தனைப் பக்கத்து வீட்டுக்காரனும் அன்றைக்கு வந்திருந்த காளியம்மாளும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவளுக்குப் பயம் இருந்தது, பக்கத்தில் ஆளும் இருந்தது.

அடுத்தவரை அஞ்சி விலகவைத்துத் தேடும் காவலைவிட, அன்பால் அருகே வரவைத்துத் தேடும் காவலே மனிதருக்குக் கடைசிவரை துணை நிற்கும்.