நூறாவது ஓலை

மலையிலிருந்து கடல் வரை ஒரே கொடி பறந்த காலத்தில், தென்கரை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மாதத்துக்கு ஓர் ஆசை அவனுக்கு. போன மாதம் மயில் வளர்த்தான். இந்த மாதம், உலகத்தை வென்றவர்கள் எப்படி வென்றார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். காலையில் அரசன் தன் கையாலேயே வெற்றிலை மடித்துச் சபையோருக்கு வரிசையாகக் கொடுப்பான். பதினோரு வருஷமாக முதல் சுருள் அமைச்சர் ஆவுடையப்பருக்கு. இரண்டாவது சிங்கராயருக்கு.

சிங்கராயர் பழங்குடிப் பிரபு. ஆவுடையப்பரோ உப்பு வண்டிக்காரர் மகன். அந்த முதல் சுருள் கைமாறும்போதெல்லாம் சிங்கராயருக்கு வாய் வேப்பிலையாய்க் கசக்கும்.

"வென்றவர்களின் ரகசியங்களை யார் கொண்டுவருவீர்கள்? நூறு வேண்டும். நூறையும் சட்டமாக்குவேன்" என்றான் அரசன்.

"நான் போகிறேன்" என்று எழுந்தார் சிங்கராயர்.

ஆறு மாதம் அலைந்தார். கோட்டைகளிலும் துறைமுகங்களிலும் விசாரித்தார். 'விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காதே' என்றார் ஏழு கப்பல் வைத்திருந்த வணிகர். 'கரை இறங்கியதும் படகை எரித்துவிடு' என்று ஒரு படைத்தலைவன் சொன்னதாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தொண்ணூற்றொன்பது ஓலை சேர்ந்தது. நூறாவதை ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து தானே எழுதி, என்றோ செத்துப்போன ஒரு சக்கரவர்த்தியின் பெயரை அடியில் போட்டார். பதினோரு வருஷத்தில் அவர் ரசித்து எழுதிய ஒரே வரி அது.

சபையில் ஓலைகள் வாசிக்கப்பட்டன. அன்று முதல் சுருள் யாருக்கும் போகாமல் அரசன் விரலிடுக்கிலேயே இருந்தது. நூறாவதை சிங்கராயர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"தன்னைவிட அறிவாளியைப் பக்கத்தில் வைத்திருக்கும் அரசன் ஆள்வதில்லை, ஆளப்படுகிறான். அந்த அறிவாளியை நாடு கடத்து."

சபை அமைச்சரைப் பார்த்தது.

"ஆவுடையப்பரே, வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றான் அரசன், தரையைப் பார்த்தபடி.

"சட்டமாக்கிவிடலாம் அரசே. ஆணையை இப்போதே எழுதுகிறேன்." அமைச்சர் எழுத்தாணியை எடுத்தார். "'அரசரைவிட அறிவாளியான இன்னார் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.' அந்தப் பெயரை மட்டும் அரசர் சொல்ல வேண்டும். தெருத்தெருவாக முரசறைந்து அறிவிக்க வேண்டுமே."

அரசன் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றான் கடைசியில்.

"நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அரசருக்குத் தெரியாத நூறு விஷயங்களை இன்று அரசருக்கே ஒருவர் சொல்லிக்கொடுத்தாரே. சிங்கராயரே, உங்கள் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடட்டும்?"

சிங்கராயர் அவசரமாக அரசன் பக்கம் திரும்பினார். "நான் அறிவாளி இல்லை அரசே."

"தன்னடக்கம். பேரறிவாளிகளுக்கே வருவது" என்றார் அமைச்சர்.

"இல்லை, நான் முட்டாள். நூறாவது ஓலை பொய். நான்தான் எழுதினேன்."

முதலில் சிரித்தது அரசன். பிறகு அவன் முகம் சிவந்தது. "இவரை எல்லைக்கு வெளியே தள்ளுங்கள்."

"எதற்கு அரசே? சட்டம் அறிவாளிக்குத்தான். இவரோ சபையறியத் தன்னை முட்டாள் என்று சொல்லிவிட்டார். இன்னொரு பயணம் அனுப்புங்கள். கரை இறங்கிப் படகை எரித்து, திரும்ப வழியில்லாமல் செத்தவர்களின் வீடுகளுக்குப் போகட்டும். வாயைத் திறக்காமலே வியாபாரம் கெட்டவர்களையும் கேட்கட்டும். அந்த ஓலைகளும் வரட்டும். பிறகு சட்டத்தைப் பற்றிப் பேசலாம்."

அரசன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டான். வாடிப்போயிருந்த முதல் சுருளையும் கொடுத்தான். அவர் அதைப் பிரித்து, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை சிங்கராயரிடம் நீட்டினார்.

"வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிரபுவே."

பதினோரு வருஷம் ஏங்கிய வெற்றிலை. கையில் வாங்கியதும் சிங்கராயரின் கண் முதலில் போனது மற்ற பாதியின் மேல்தான். பெரிய பாதி தனக்கே வந்திருந்தது.

அதையும் அவரால் பொறுக்க முடியவில்லை.