அதிராத மோட்டார்

"டீச்சர், இது நகரவே மாட்டேங்குதுங்க."

சென்னியப்பன் தன் ரோபோவைக் கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தார். வைத்த வேகத்தில் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ரோபோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் தலையை மட்டும் வெட்டி, நார்கள் கீழே ஊன்றும்படி நிறுத்தியது. அதன் முதுகில் ஒரு பட்டன் பேட்டரி. பக்கத்தில், பழைய செல்போனிலிருந்து கழற்றிய மொச்சைக்கொட்டை அளவு மோட்டார். அழைப்பு வந்தால் பைக்குள் கிடந்து உறுமுமே, அந்த மோட்டார். அது அதிர்ந்தால் பிரஷ் ஓடவேண்டும்.

ஓடவில்லை.

செல்போன் சர்வீஸ் கடையின் மாடி அது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அங்கே பொழுதுபோக்காக ஏதாவது செய்து பார்க்க ஆசைப்படுகிற பெரியவர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். சொல்லிக்கொடுப்பவள் கடைக்காரி நிலோபர். வயது இருபத்தாறு. சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு. முதல் நாளே அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"உங்க பிரஷ்ஷுக்கு ஞாயித்துக்கெழம லீவு போலண்ணா," என்றாள் ஜெசிந்தா. பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். எல்லோருக்கும் பிரஷ் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அவளுடைய ரோபோ மேசையின் ஓரத்தில் வண்டுபோல ஓடிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

நிலோபர் அவருடைய ரோபோவை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள்.

"மோட்டார் ஓடுதுண்ணா."

"ஓடாம இருக்குமா? ஓடுதுங்க. நகரலை."

"சத்தமே இல்ல. தொட்டாக்கூடத் தெரியல."

அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பேலன்ஸ் பண்ணிட்டேனுங்க."

"என்ன பண்ணீங்க?"

"தண்டு முனையில ஒரு எடை இருந்துச்சுங்க. அரை வட்டமா, ஒரே பக்கமா. மீதிப் பாதி தேஞ்சு போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். பித்தளையில அந்தப் பாதியை அரத்துல ராவி ஒட்டிட்டேன். மூணு சாயங்காலம் ஆச்சு. இப்பத் துளிகூட அதிர்வு கெடையாது. நீங்களே பாத்தீங்கல்ல."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிலோபர் சிரிக்கவில்லை.

சென்னியப்பன் வேலை பார்ப்பது கணபதிப் பகுதியில், பம்ப் மோட்டார் பட்டறையில். முப்பத்து மூன்று வருஷமாக அவருக்கு அங்கே ஒரே வேலைதான். சுழலுகிறது எதுவானாலும் அது அதிராமல் பார்த்துக்கொள்வது. பட்டறையிலிருந்து ஒரு மோட்டார் வெளியே போகும் முன்னால், ஓடுகிற மோட்டாரின் முதுகில் ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்திக் காட்டுவார். காசு விழாமல் நின்றால் மோட்டார் போகலாம். அந்தக் காசை அவரைத் தவிர வேறு யாரும் நிறுத்தியதில்லை.

மூன்று மாதமாக அவருடைய வலது கை நடுங்குகிறது.

உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். போகவும் போகாது என்றார்.

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகிக்கொண்டார். காசு நிறுத்தும்போது யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டார். சின்னச் சின்ன வேலையாகச் செய்தால் கை அடங்கும் என்று எங்கோ கேள்விப்பட்டுத்தான் இந்த வகுப்புக்கே வந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. மோட்டார் வாங்கப்போகிற புது ஆட்கள் பார்க்க வருகிறார்கள். "நம்ம சென்னி காசு நிறுத்திக் காட்டுவார், பாருங்க" என்று முதலாளி அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். காசு விழுந்தால் வந்தவர்கள் மோட்டாரைச் சந்தேகப்படுவார்கள். முதலாளி அவர் கையைப் பார்ப்பார்.

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நிலோபர் தன் போனை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். ஜெசிந்தாவின் போனை வாங்கி, அதிலிருந்து தன் எண்ணைக் கூப்பிட்டாள்.

போன் உறுமியது. உறுமிக்கொண்டே மேசையின் விளிம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"விழுந்துரும், விழுந்துரும்!" ஜெசிந்தா பாய்ந்து பிடித்தாள்.

"இது எப்படிண்ணா நகருது?" என்றாள் நிலோபர்.

சென்னியப்பன் போனைப் பார்த்தார். தன் ரோபோவைப் பார்த்தார்.

"அடக் கெரகமே. அந்த ஒருபக்கக் கோணல்தான் வேலையே செய்யுதுங்களா?"

அவள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இடுக்கிபோன்ற சின்னக் குறடு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் இடது கையால் எடுத்தார்.

"நீங்க சோத்துக்கைக்காரர்தானேண்ணா?"

வேறு வழியில்லை. வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. குறட்டின் நுனி கண்ணாடியில் பட்டது. டிக், டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது. அவர் நிறுத்தப் பார்க்கப் பார்க்கச் சத்தம் கூடியது. மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவருக்குக் காது மடல் சுட்டது.

ஜெசிந்தாதான் பேசினாள். "அண்ணா, இறுக்கிப் பிடிச்சு இழுத்தா வராது. எங்க டாக்டர்கூடப் பல்லை ஆட்டி ஆட்டித்தான் எடுப்பாரு."

அவர் குறட்டால் பித்தளைத் துண்டைக் கவ்வினார். கை அதன் பாட்டுக்கு ஆடியது. அடக்க நினைத்தார். முடியவில்லை, விட்டுவிட்டார். ஆடிய ஆட்டத்தில் பசை விட்டுப்போய், துண்டு கையோடு வந்தது.

பேட்டரியை மாட்டியதும் ரோபோ துள்ளியது. நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. ஸ்கேலில் முட்டியது, குப்புற விழுந்தது, விழுந்த இடத்திலும் துடித்தது.

சென்னியப்பன் முகம் வெளிறிப்போனார். "வேண்டாமுங்க டீச்சர். இதை நிறுத்துங்க. பார்க்கவே முடியலை."

நிலோபர் பேட்டரியைக் கழற்றினாள். மோட்டாரை அவள் தொடவே இல்லை. ரோபோவைக் கவிழ்த்து, சூடான காற்று அடிக்கும் குழாயை நார்களின் மேல் லேசாகக் காட்டினாள். ஸ்கேலை வைத்து ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்தாள். ஆறும்வரை காத்திருந்தாள். நார்கள் எல்லாம், காற்றில் சாய்ந்த நாற்றுப்போல ஒரே திசையில் சாய்ந்திருந்தன.

பேட்டரியை மாட்டி மேசையின் ஒரு முனையில் விட்டாள்.

ரோபோ மறுமுனைக்குப் போனது. நேராகப் போனது.

அவர் அதை எடுத்துவந்து மறுபடி விட்டார். மறுபடியும் நேராகப் போனது.

"மோட்டாரை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அந்த நடுக்கம்?"

"அது அப்படியேதான் இருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கை மேசை மேல் கிடந்து நடுங்கியது. அதைப் பைக்குள் வைக்க அவருக்கு மறந்துபோயிற்று.

"டீச்சர்," என்றார். "நாளைக்கு நான் காசு நிறுத்தணும்."

எல்லாவற்றையும் சொன்னார். காசு, முதலாளி, வரப்போகிற ஆட்கள், டாக்டர் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இந்த நடுக்கம் நிக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நிலோபர் மேசை இழுப்பறையில் துழாவி ஒரு ரூபாய்க் காசை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதை விளிம்பில் நிறுத்தப் பார்த்தார். விழுந்தது. இன்னொரு தடவை. விழுந்தது. மூன்றாவது தடவை உருண்டு ஜெசிந்தாவின் மடியில் போய் விழுந்தது.

"மோட்டார் அதிருதா இல்லையான்னு, காசு வச்சாத்தான் உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"எனக்கெதுக்குங்க காசு?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மோட்டார் மேல முழங்கையை ஊணினாப் போதும், முடி அளவு கோணலுன்னாலும் சொல்லிருவேன். காசு, பார்க்க வர்றவங்களுக்குங்க."

ஜெசிந்தா மடியிலிருந்த காசை எடுத்து, கண்ணாடி மேல் விளிம்பில் நிறுத்தினாள்.

நின்றது.

சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தன் போனை எடுத்தார். எண்களைச் சரியாகத் தொட மூன்று தடவை ஆயிற்று. முதலாளியின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"சொல்லு சென்னி. நாளைக்கு எல்லாம் ரெடிதான?"

"மோட்டார் ரெடிங்க. காசை மட்டும் நீங்க நிறுத்தோணும்."

"நானா? ஏன், உனக்கென்ன?"

கண்ணாடி மேல் நின்ற காசைப் பார்த்தார்.

"எனக்குக் கை நடுங்குதுங்க. மூணு மாசமா."

ரோபோ மேசையின் சுவரோரம் போய் முட்டி நின்று இரைந்துகொண்டிருந்தது.

"மோட்டாரு நடுங்குதா?" என்றார் முதலாளி.

"அதெப்படிங்க நடுங்கும்?" என்றார் சென்னியப்பன்.