பேச்சி குரல் கொடுத்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் பேசிக்கொண்டிருந்த நாளில், இன்று நாம் ஆட்காட்டி என்று அழைக்கும் குருவிக்குச் சத்தமே கிடையாது. முகத்தில் சிவப்பும் கிடையாது. வெயில் ஏறினால் மற்றப் பறவைகளைப்போல மருதமரக் கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘குரல் கொடுப்பது’ என்ற பேச்சும் அப்போது வழக்கில் இல்லை. வலித்தால் அழுதார்கள். பசித்தால் கேட்டார்கள். கோபம் வந்தால் ஏசினார்கள். எல்லாம் அவரவருக்காக. அடுத்தவனுக்காக யாரும் வாயைத் திறந்ததில்லை, ஆகவே அதற்கென்று ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

ஒரு கடும் கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. குனிந்து குடிப்பவனுக்குச் சுற்றி நடப்பது தெரியாதல்லவா? அதனால் கொக்கைக் காவலுக்கு வைத்து, மணியக்காரர் என்று மரியாதையாக அழைத்தார்கள். ஆபத்து வந்தால் அவர் இறக்கையை விரிக்க வேண்டும். விரிக்காதவரை பயமில்லாமல் குடிக்கலாம். கூலியாகக் குட்டை மீன் முழுவதும் அவருக்கு.

மீன் சீக்கிரமே தீர்ந்துபோனது. மணியக்காரர் மட்டும் இளைக்கவில்லை.

தினமும் யாராவது ஒருவர் காணாமல் போனார்கள். “கௌதாரி வீட்டில் மூணு பேரைக் காணோமே?” என்று முயல் கேட்டது.

“வேற ஏரிக்குப் போயிருப்பாங்க. நீ தண்ணியைக் குடி” என்றார் மணியக்காரர்.

குட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, சரளைக் கற்களுக்கு நடுவே, பேச்சி என்ற அந்தக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். “பேருதான் பேச்சி. வாய்க்குள்ள கொழுக்கட்டை” என்று மைனாக்கள் கேலி பேசும். அவள் பதில் சொல்லமாட்டாள். முட்டைகள் கல்லின் நிறத்தில் இருந்தன. அவள் சும்மா இருக்கும்வரை அவை இருப்பது யாருக்கும் தெரியாது. இன்னும் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். முட்டையோட்டை உள்ளிருந்து குஞ்சின் அலகு கொத்துவது அவள் வயிற்றில் பட்டது.

அன்று காலை ஒரு வேடன் வலைக் கயிற்றைப் பிடித்தபடி தவழ்ந்து வந்தான். பேச்சிக்கு ஒரு முழம் தள்ளி வந்தபிறகுதான் அவளைக் கண்டான்.

“அசையாதே, தாயி” என்றான் மெதுவாக. “எனக்கு வேண்டியது அங்க குனிஞ்சு நிக்குது. நீ பேசாம இரு. உன் முட்டையை மிதிக்காம சுத்திப் போறேன்.”

பேச்சி கொக்கைப் பார்த்தாள். கொக்கும் பார்த்தது. இறக்கையை விரிக்கவில்லை. கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

‘அவருக்குத் தெரியுமா?’ என்பதுபோல அவள் வேடனைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியாமலா? நேத்துக்கூட ஒரு கூடை கெண்டை கொடுத்தேன். பெரிய மனுஷன், சத்தம் போடமாட்டார். உனக்கு மட்டும் என்ன வந்தது?”

குட்டையில் முயல் குனிந்திருந்தது. கௌதாரிக் குஞ்சுகள் வரிசையாக நின்றன. கேலி பேசிய மைனாக்களும் இருந்தன. அவர்களில் ஒருவர்கூட அவளுக்கு உறவில்லை. வயிற்றுக்கடியில் மறுபடியும் ஓர் அலகு கொத்தியது. வேடன் கை கயிற்றை இறுக்கியது.

பேச்சி எழுந்தாள். எழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுந்தாள்.

“ஆள்! ஆள்! ஓடுங்க!”

அதுவரை ஒரு சத்தமும் எழாத அந்தத் தொண்டையிலிருந்து வந்த குரலில் ஏரிக்கரையே அதிர்ந்தது. வலை வெறும் தண்ணீரில் விழுந்தது. வேடன் உண்டிவில்லால் அடித்த கல் அவள் கண்ணோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு அவன் நிதானமாக, ஒவ்வொன்றாக, நான்கு முட்டைகளையும் மிதித்தான். “ஆளைக் காட்டிட்டியேடி, ஆட்காட்டி” என்று காறித் துப்பிவிட்டு நடந்தான். அவன் திட்டியதே அவளுக்குப் பெயராக நிலைத்தது.

மறுநாள் மணியக்காரர் மருதமரத்தடியில் கூட்டம் கூட்டினார். தப்பித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தப்பித்ததால்தான் வர முடிந்தது.

“அமைதியாக இருந்த குட்டையில் இவள் கலகம் செய்துவிட்டாள். இனி எந்த மரத்திலும் இவளுக்கு இடம் கிடையாது” என்றார் மணியக்காரர். முயல் காதைச் சொறிந்துகொண்டது. மைனாக்கள் வேறு பக்கம் பார்த்தன.

தாய்க் கௌதாரி மட்டும் குஞ்சுகளோடு முன்னால் வந்தாள். “நாங்கள் கத்தினால் எங்களுக்கு ஏதாவது கிடைக்கும் என்று கத்துவோம். இவள் இருந்ததையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டாள். இதற்குப் பெயர் கத்துவதில்லை. குரல் கொடுப்பது” என்றாள். தீர்ப்பு மாறவில்லை. சொல் மட்டும் நின்றுவிட்டது.

பேச்சி வெட்டவெளிக்குத் திரும்பினாள். உடைந்த ஓடுகளைப் பார்த்தபடி அவள் கணவன் நின்றிருந்தான்.

“பேசாம இருந்திருக்கலாம்” என்றான்.

“இருந்திருக்கலாம்.”

“அடுத்த தடவை?”

“முதல்ல முட்டை வைக்க இடம் பாரு. குட்டை தெரியுற இடமா பாரு.”

அன்று முதல் ஆட்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. ஆறாத அந்தச் சிவப்போடு, மிதிபடக்கூடிய அதே வெறுந்தரையில்தான் இன்றும் முட்டையிடுகிறது. ஆள் அரவம் கேட்டால், அந்த முட்டைகளை விட்டு எழுந்து, ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறது.