மிட்டாதார் இழுத்த துணி

மிட்டாதார் பொன்னுரங்கத்துக்கு மூக்கு நீளம், கோபம் அதைவிட நீளம். அவர் பங்களாவுக்குப் பின்னால் சடைச்சி பெரிய தாழியில் அவுரி இலையை ஊறப்போட்டு, தான் நெய்த துணிக்கு நீலச் சாயம் ஏற்றிப் பிழைத்துவந்தாள். அந்த நாற்றம் அவருக்கு ஆகவில்லை. சும்மா விரட்டினால் ஊர் பேசும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஊரையே தாழியருகில் கூட்டி, "சடைச்சி, ஒரே துணி பச்சையாவும் இருக்கணும், நீலமாவும் இருக்கணும். கோடு, கட்டம், கரை எதுவும் கூடாது. முடியலைன்னா தாழியை உடைச்சுட்டுக் கிளம்பு" என்றார்.

சடைச்சி தாழியை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிட்டாள்.

"ஆகட்டுங்க எசமான். உள்ளே ஒரு துணி ஊறுது. கைராசிக்காரர் நீங்களே எடுத்துக் காட்டணும்."

புகழ்ச்சியில் குளிர்ந்துபோன மிட்டாதார் கைகளை முழங்கை வரை தாழிக்குள் விட்டுத் துணியை இழுத்தார். விரித்துப் பிடித்து, "பாருங்கய்யா, முழுக்கப் பச்சை! நீலம் எங்கே?" என்று ஊர் முன்னால் ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

அவுரியில் ஊறிய துணி வெளியே வரும்போது பச்சை, காற்றுப் பட்டால்தான் நீலம்; அவர் ஆட்ட ஆட்டத் துணி நிறம் மாறியது. கூட்டம் வாயைப் பொத்துவதைக் கண்டு குனிந்து பார்த்தவர் அலறினார்: "அடியே, இது முழுக்க நீலமாச்சே! பச்சை எங்கே?"

"ஒரே துணிதானுங்க. பச்சைன்னதும் எசமான் வாய்தான், நீலம்னதும் எசமான் வாய்தான். நான் எதுவுமே சொல்லலீங்களே!"

ஊர் கொல்லென்று சிரித்தது. தாழியை உடைக்கும் பேச்சை மிட்டாதார் அத்தோடு விட்டுவிட்டார். முழங்கை வரை நீலமேறிய கைகளைப் பார்த்து, "இது எப்போடி போகும்?" என்றார்.

"நம்ம சரக்கு கெட்டிச் சாயமுங்க எசமான்" என்றாள் சடைச்சி, பெருமையோடு.