கணவாயிலிருந்து திரும்பியவரின் பாட்டு

அந்த நாட்டில் போரில் செத்தவனுக்குக் கல் நடுவார்கள். உயிரோடு திரும்பி வந்தவனுக்குக் கல் கிடையாது, பாட்டுதான். அவன் வயசாகித் தளர்ந்த பிறகு ஒரு பாணன் வீடு தேடிப் போய், களத்தில் நடந்ததைக் கேட்டுப் பாட்டாகக் கட்டுவான். ஊர் கூடியிருக்க, அவனை முன்னால் உட்காரவைத்துப் பாடுவான். பாடி முடித்ததும் ஊரார் அந்த வீரனின் காலைக் கழுவி மரியாதை செய்வார்கள்.

சேந்தன் அப்படிப் பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரன். தலை நரைத்தும் அழிசியாரிடம் சீடனாக இருந்தான். அழிசியார் அவனைவிட இரண்டு வயசு சின்னவர். பாட்டில் மூத்தவர், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் ஆசான் யாழுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். சேந்தன் தோளில் தன் யாழோடு வந்து ஓரமாக நின்றான்.

“கிழவர் எயினனுக்கு நீ கட்டின பாட்டுக்கு ஊரே அழுததாமே. கேள்விப்பட்டேன்,” என்றார் அழிசியார்.

“அதைப் பேசாதீங்க ஆசானே.”

“ஏன்?”

“அன்னைக்குக் கதவைச் சாத்தினவர்தான் எயினன். சோறு தண்ணி இல்லாம உள்ளேயே கிடக்கார். யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை.”

அழிசியார் நரம்பைக் கீழே வைத்தார். “அப்படி என்ன பாடினே?”

சேந்தன் மென்று விழுங்கிச் சொன்னான். கணவாய்ப் போரில் எயினனின் கூட்டாளி கொற்றன் அம்பு பட்டு விழுந்தான். பக்கத்துப் பாறைக்குப் பின்னால்தான் எயினன் பதுங்கிக் கிடந்தார். கொற்றன் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எயினன் போகவில்லை. பயம். விடிந்து பார்த்தால் கொற்றன் செத்துக் கிடந்தான். எயினன் சொன்னது இதுதான்.

“நீ பாடினது?”

“பயந்து கிடந்தார்னு ஊர் நடுவுல எப்படிப் பாடறது ஆசானே? அவருக்கு நல்லதுதானே செய்யறோம்னு நினைச்சேன். அம்புக்கு நடுவுல தவழ்ந்து போனார், கொற்றனுக்குத் தண்ணி ஊட்டினார், அவர் மடியிலேயே அவன் கண்ணை மூடினான்னு பாடிட்டேன்.”

“ம்.”

“காலைக் கழுவ முதல் ஆளா வந்தவ கொற்றன் பொண்டாட்டி மருதி. ‘அண்ணே, கடைசி நேரத்துல அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களே, இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே’ன்னு அவர் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. எயினன் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.”

அந்தப் பார்வையில் சேந்தனுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இல்லையா, பிளக்கவில்லை. ஊரார் சேந்தனுக்குப் பட்டுப் போர்த்த வந்தார்கள். அதையும் தோளைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டான் அந்த மனுஷன்.

“இப்ப மருதி அவர் வாசல்லேயே நிக்கறா. புருஷன் கடைசியா என்ன சொன்னான்னு கேக்கணுமாம். உண்மையைப் பாடினா எயினன் மானம் போயிடும். பாடலேன்னா இந்தப் பொய்யே அவரைக் கொன்னுடும். நான் என்ன செய்யட்டும்?”



“அவர் உன்கிட்டச் சொன்னதைச் சொல்லு,” என்றார் அழிசியார்.

“சொன்னேனே.”

“அது சுருக்கம். அவர் வார்த்தையில சொல்லு.”

சேந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “காரிருள் கவிந்த கணவாயிலே...”

“அது உன் பாட்டு.”

சேந்தன் மறுபடி ஆரம்பித்தான். “தண்ணி, தண்ணின்னு கொற்றன் கதறினான்...”

“தண்ணின்னு கதறினதா எயினன் சொன்னாரா?”

சேந்தன் யோசித்தான். தண்ணீர் தன் பாட்டில்தான் வந்தது. கொற்றன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்? எயினன் அதைச் சொல்லத்தான் செய்தார். சொல்லும்போது அவர் உதடு நடுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்ன வார்த்தைதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“தெரியலை ஆசானே.”

“எதிர்லதானே உக்காந்திருந்தே? அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?”

சேந்தன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“கணவாய்க்கு எதுகை தேடிக்கிட்டிருந்தேன்.”

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை ஒரு மனுஷர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இவன் அவர் எதிரே உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். வெட்கக்கேடு, வேறென்ன?

அழிசியார் கை நீட்டி அவன் தோளிலிருந்த யாழை வாங்கிக்கொண்டார்.

“எயினன்கிட்டப் போ. இன்னொரு தடவை கேளு. பாடறதா வேண்டாமா, மருதிகிட்டச் சொல்றதா வேண்டாமாங்கறதெல்லாம் அவர் பாடு. நீ கேட்டா மட்டும் போதும்.”

“திறப்பாரா?”

“திறக்கறவரைக்கும் வாசல்ல நில்லு.”

சேந்தன் இரண்டடி போய்த் திரும்பினான்.

“எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் முன்னால போய் நிப்பேன் ஆசானே?”

அழிசியார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“இதையே வச்சுக்கிட்டுப் போ. அந்த ராத்திரி விடிஞ்சதுலேருந்து அவரும் இதே முகத்தை வச்சுக்கிட்டுத்தான் ஊருக்குள்ள நடமாடறார்.”