பந்தலுக்கு நின்ற படை

வெகு காலத்துக்கு முன்னே தென்கரை நாட்டை நெடுமுடி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று மனசுக்குப் பிடித்துவிட்டால், மாலைக்குள் நாடு முழுக்க அதுவாகவே இருக்க வேண்டும் அவருக்கு. அப்படிப்பட்டவரிடம் மந்திரியாக இருப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

ஒருநாள் மதியம் ராஜாவின் இலையில் புடலங்காய்க் கூட்டு விழுந்தது. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதற்கு விதை போட்டு எவ்வளவு நாளாயிற்று?" என்று விசாரித்தார்.

பக்கத்தில் நின்ற கொண்டல்ராயன் முந்திக்கொண்டான். அரண்மனைப் பண்டகசாலை அவன் பொறுப்பு. மந்திரி மங்கைபாகரின் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாய் ஒரு கண்.

"இரண்டே மாதம், மகாராஜா. விதையை ஊன்றிக் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் காய் தொங்கும். ஏரிக்கரை இலுப்பைத் தோப்பை உங்கள் பாட்டனார் வைத்தார். அது முதல் பூ பூத்ததே உங்கள் தகப்பனார் காலத்தில்தான்."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தனை வருஷம் அந்த மரங்கள் சும்மாவா நின்றன?"

"கோயில் விளக்குக்கு எண்ணெய் அந்த இலுப்பையிலிருந்துதான் வருகிறது, அரசே," என்றார் மங்கைபாகர். "இன்றைக்கும் நிழல் தருகிறது, கலப்பைக்குக் கட்டை தருகிறது. புடலை சீக்கிரம் வரும், சீக்கிரமே காய்ந்தும் போகும். அதற்கு அது, இதற்கு இது."

"மந்திரியாருக்கு மரத்தோடு என்ன உறவோ," என்று இழுத்தான் கொண்டல்ராயன். "மரத்தின் தயவே இல்லாமல் காய் வளர்த்துக் காட்டச் சொல்லுங்கள், மகாராஜா. தோட்டத்துக்குள் ஒரு குச்சிகூடப் போகக் கூடாது. மூங்கிலும் ஆகாது. அப்போது தெரிந்துவிடும், எது இல்லாமல் எது வாழும் என்று."

அது ராஜாவுக்கு இனித்தது. "பாகரே, நான் மலைமாளிகைக்குப் போகிறேன். திரும்பி வரும்போது புடலங்காய் இருந்தால் தோப்பை வெட்டித் தோட்டம் போடுவோம். இல்லையென்றால் உம் தலை இருக்காது. குச்சி உள்ளே போகாமல் ராயன் பார்த்துக்கொள்வான்."

காய் வந்தால் தோப்பு போகும், வராவிட்டால் தலை போகும். மங்கைபாகர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"வேலைக்கு எத்தனை ஆள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா, அரசே?"

"தாராளமாக," என்று சொல்லிவிட்டு ராஜா பல்லக்கு ஏறிப் போய்விட்டார்.

இரண்டு மாதத்துக்கு மேல் மலைக்காற்று வாங்கி, உடம்பு தேறி, அவர் திரும்பிய அன்று கோட்டைக் கதவு திறந்து கிடந்தது. காவலுக்கு ஒரு ஆள் இல்லை. லாயத்தில் குதிரைகள் மட்டும் நின்றன. மடைப்பள்ளி அடுப்பு குளிர்ந்து கிடந்தது. எதிரி புகுந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விட்டானோ என்று ராஜா வாளை உருவிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடினார்.

அங்கே கண்ட காட்சியில் வாள் கையைவிட்டு நழுவியது.

அவருடைய படை முழுவதும் வரிசை வரிசையாகக் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றது. கைக்குக் கை வாழைநார் கட்டி, அதன்மேல் புடலங்கொடி படர்ந்திருந்தது. வாயிற்காவலர், சமையல்காரர், குதிரைக்காரர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில்தான். சேனாதிபதியின் மீசையைக் கொடிச்சுருள் ஒன்று பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் முழங்கையிலிருந்து நீளமாய் ஒரு காய் தொங்க, அது சுருளாமல் வளர நுனியில் கல் கட்டியிருந்தார்கள்.

"கும்பிடக் கை ஒழியவில்லை, அரசே," என்றார் சேனாதிபதி. "பொறுத்தருள வேண்டும்."

மங்கைபாகர் ஒரு புடலங்காயை இரு கையாலும் ஏந்தி வந்தார்.

"உத்தரவுப்படி காய் வந்துவிட்டது. மண்வெட்டிக் காம்பும் ஏற்றமும் மரம் என்பதால் கையாலேயே மண்ணைக் கிளறி, குடத்தில் தண்ணீர் சுமந்தோம். தரையில் விட்டால் காய் அழுகும். பந்தல்காலும் மரமாயிற்றே, அதனால் இவர்களே கால்களாக நிற்கிறார்கள்."

"கல்தூண் நட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் ராஜா.

"கல்லை ஏற்றி வர வண்டி வேண்டும், அரசே. வண்டியும் மரம்."

ராஜா மூலையைப் பார்த்தார். அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் கொண்டல்ராயன்.

"மேற்பார்வைக்கு வைத்த ஆள் அல்லவா இவன்?"

"பந்தலுக்கு ஒரு கால் குறைந்தது. பந்தல் சாய்ந்தால் மேற்பார்வை பார்த்தவரையும் அரசர் கேட்பார் என்றேன். ஓடிவந்து நின்றுவிட்டார்," என்றார் மந்திரி. "இது ஒரு மூலைத் தோட்டம்தான். தோப்பை வெட்டிவிட்டால் ஊர் முழுக்க வந்து நிற்க வேண்டியிருக்கும். நடுக்கால்தான் இன்னும் அமையவில்லை. பாரம் எல்லாம் அதில் இறங்கும். நல்ல உயரமாக, திடமாக ஒருவர்..." என்று நிறுத்தி, ராஜாவை உச்சி முதல் பாதம் வரை அளந்து பார்த்தார்.

ராஜா இரண்டடி பின்வாங்கினார். திறந்து கிடக்கும் கோட்டை அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம், பாகரே. தோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. எதிரிக்கு நானே இலை போட்டு நாட்டைப் பரிமாற இருந்தேன்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். வெட்கத்தில் அவர் முகம் சிவந்திருந்தது.

தோப்பில் உதிர்ந்து கிடந்த காய்ந்த கிளைகளைக் கொண்டுவந்து நட்டு, ஒவ்வொருவராக விடுவித்தார்கள். சேனாதிபதி கையை இறக்கித் தேய்த்துக்கொண்டே கோட்டைக்கு ஓடினார். கடைசி மூலைக்கு வந்தபோது ராஜா கையைக் காட்டித் தடுத்தார்.

"மரத்தின் தயவு எதற்குமே வேண்டாம் என்று சொன்னவர் இவர். இவருக்குப் போய்க் கிளை கொடுத்து அவமானப்படுத்தலாமா?"

"மகாராஜா, கை விட்டுப்போகிறது," என்று கெஞ்சினான் கொண்டல்ராயன். "ஒரே ஒரு கம்பு போதும்."

"சரி, கொடுத்துவிடுவோம். பாகரே, இவருக்கென்று இன்றே ஒரு இலுப்பை விதை போடுங்கள். அது வளர்ந்து கிளை விட்டதும் இவரை இறக்கிவிடலாம்."

கொண்டல்ராயன் மந்திரி பக்கம் திரும்பினான். "அதற்கு எத்தனை காலம் ஆகும், மந்திரியாரே?"

மங்கைபாகர் அவன் தோளில் சரிந்த கொடியை மெல்லத் தூக்கிவிட்டார். "உம் பேரன் நல்ல உயரமாகப் பிறந்தால் கவலையே இல்லை."