வேதமாணிக்கத்துக்காக ஒரு உபவாசம்

"எனக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கணும்மா" என்றார் வேதமாணிக்கம்.

சலோமி அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன கேட்டு ஜெபிக்கணும்?"

"எனக்குப் பசியே இல்ல."

"நல்ல டாக்டராப் பாக்கலாமே அண்ணாச்சி."

"வயித்துப் பசியச் சொல்லல. ஆண்டவர் மேல உள்ள பசி. அது எனக்குச் செத்துப் போச்சு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

அவள் இருந்தது தேரிக்காட்டில். சுற்றிலும் சிவப்பு மணல், அங்கங்கே பனை, நடுவில் ஓடு போட்ட ஒரு ஜெபவீடு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து தனியாக இருந்தாள். வயது நாற்பதுக்குள். வேதமாணிக்கம் அறுபதைத் தாண்டியவர். மகள் வயதுப் பெண்ணை அம்மா என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அந்த அளவுக்குப் பயந்துபோயிருந்தார்.

அவருக்குக் கடற்கரை நெடுக உப்பளங்கள். சொந்த லாரிகள். ஊர்க்கோயிலின் கோபுரம் அவர் கட்டியது, மணி அவர் வாங்கிக் கொடுத்தது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயைக்கூட இன்னொருவர் எடுக்க விடமாட்டார். கர்த்தருக்கு என்று சொல்லித்தான் எடுப்பார். அதிலும் அவருக்குத் தோற்கப் பிடிக்காது.

"இருதயம் பாதிதான் வேலை செய்யுதாம்" என்றார். "சாகப் பயமில்லம்மா. அங்க போயி நிக்கும்போது அவரு யாரோ நான் யாரோன்னு ஆயிருமோன்னுதான் பயமா இருக்கு."

"எப்ப இருந்து இப்படி?"

"உப்பு சுமந்த காலத்துல முழங்கால் போட்டா கண்ணீர் முட்டிக்கிட்டு வரும். இப்ப முழங்கால் போட்டா லாரி வருது."

அவள் சிரிக்கவில்லை.

"எத்தனையோ ஊழியக்காரங்க எனக்காக உபவாசம் இருந்துட்டாங்க. கை நிறையக் காணிக்கை கொடுத்தேன். ஒண்ணும் கேக்கல. நீங்க இருந்தா கேக்கும்னு சொன்னாங்க."

"அவங்க இருந்தப்போ நீங்க எங்க இருந்திய?"

"வீட்டுலதான்."

"சாப்பிட்டியளா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சலோமி அம்மாள் பொறுக்கிய கல்லை வெளியே மணலில் வீசினாள்.

"சரி, இருக்கேன்" என்றாள். "காணிக்கை வேண்டாம். ஆனா நான் உங்களுக்காகப் பட்டினி கிடக்கும்போது, நீங்க எனக்காகச் சாப்பிடணும்."

"புரியலையே."

"என் பங்கையும் சேத்து நீங்க சாப்பிடணும். இங்கேயே இருந்து, என் கண் முன்னால."

மலிவாக முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். வியாபாரி புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

அன்று மத்தியானம் அவள் இருவருக்குமாகக் கஞ்சி காய்ச்சி, இரண்டு பங்கையும் அவர் தட்டிலேயே ஊற்றினாள். தொட்டுக்கொள்ளத் துவையல் வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய் முழங்காலிட்டாள்.

வேதமாணிக்கம் நன்றாகவே சாப்பிட்டார். பிறகு தூங்கிப்போனார்.

மறுநாள் தட்டு வந்ததும் அவர் அதை அவள் பக்கம் தள்ளினார். எதிரில் அவளுடைய உதடு வெடித்திருந்தது.

"ஒரு வாய் குடிங்கம்மா."

"அது உங்க பங்கு அண்ணாச்சி."

"நீங்க இப்படிக் கெடக்கதப் பாத்துக்கிட்டு எனக்கு எப்படிம்மா இறங்கும்?"

"முன்னால பட்டினி கிடந்தவங்க உங்க கண்ணுல படல. அதான் இறங்கிருக்கு."

அவர் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு முடித்தார். அவமானமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். ஜெபிக்கும்போது குரல் வெளியே வரவில்லை. அவர் ஓரமாக உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வற்றிப்போன முகம். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவள் போல இருந்தாள். அது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

உச்சிவெயிலில் அவருடைய டிரைவர் செல்லப்பாண்டி மணலில் ஓடிவந்தான்.

"ஐயா, கிழக்கு அளத்துக்காரங்க வித்துரச் சம்மதிச்சிட்டாங்க. இப்பவே பத்திர ஆபீசுக்கு வரணுமாம். நீங்க வரலன்னா வேற ஆளுக்கு எழுதிக் கொடுத்துருவாங்களாம்."

அந்தக் கரையில் வேதமாணிக்கத்துக்குச் சொந்தமில்லாத உப்பளம் அது ஒன்றுதான். பல வருஷமாக அதன்மேல் கண். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும்.

எழுந்தார். சலோமி அம்மாளின் பின்னால் போய் நின்று செருமினார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை செருமிவிட்டுப் போய்விட்டார்.

கார் தார்ச்சாலையில் ஏறியது. கிழக்கு அளம் கைக்கு வரப்போகிறது. சந்தோஷம் இந்தா வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. அந்த வற்றிய முகம்தான் வந்தது.

அவருக்குப் பொறாமையாக இருந்தது. பிறத்தியாரிடம் பார்த்து ஆசைப்பட்டதை எல்லாம் அவர் விலை பேசி வாங்கியிருக்கிறார். இதை யாரிடம் போய் விலை பேசுவது?

"வண்டிய நிறுத்து."

"ஐயா, நேரமாச்சு. கை மாறிரும்."

"மாறட்டும்."

இறங்கி ஜெபவீட்டுக்குத் திரும்பி நடந்தார். மணலில் செருப்பு புதைந்து புதைந்து வந்தது. கழற்றி எறிந்தார். கால் சுட்டது. பாதி இருதயத்துக்கு அந்த நடை அதிகம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அவள் அப்படியேதான் முழங்காலில் இருந்தாள்.

"அம்மா, நான் போனது உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். "போயிருந்தியளா?"

அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் வேணும்மா."

"எது?"

"பேரு தெரியல. நீங்க இவ்வளவு நேரமும் யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தியளே, அது. நான் ஆள் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நானே ஒரு நாளும் கேக்கல. எனக்கு அவரு வேணும்."

வார்த்தை உடைந்துவிட்டது. அறுபது தாண்டிய மனிதர் பிள்ளையைப் போல விம்மி விம்மி அழுதார்.

சலோமி அம்மாள் அவரைத் தேற்ற வரவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். அடுப்படிக்குப் போய்க் கஞ்சிப் பானையை இழுத்துவைத்தாள். ஒரு தட்டில் ஊற்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அழுகைக்கு நடுவில் அவர் அதைப் பார்த்தார்.

"என்னம்மா, சாப்பிடுறிய? உபவாசம்?"

அவள் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே உங்க பசிய நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."